நேரலைத் திரையை வடிவமைக்க வருவோருக்குப் பதினான்கு அறிவுரைகள்



கடை ஆப், வங்கி ஆப் என்று வடிவமைத்துப் பழகிய கையோடு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அங்கே கற்றது எதுவும் வீண் போகாது. ஆனால் ஒரு வித்தியாசத்தை முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் தடுமாறுகிறவர் நின்று யோசித்து மறுபடி முயல்வார். நேரலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இயக்குநர் ‘டேக்’ என்றதும் விரல் அழுந்தியாக வேண்டும். அழுத்தியது தப்பென்றால் அதை ஊரே பார்த்துவிடும்.

தொலைக்காட்சிப் பேனலுக்கும், நாடக மேடையின் ஒலி, ஒளிக் கட்டுப்பாட்டுக்கும், அவசர எச்சரிக்கை மையத்துக்கும் இது பொது. நான் அதிகம் வேலை பார்த்தது தேர்தல் முடிவு நாள் கிராஃபிக்ஸில் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே அதிகம் வரும். கீழே சொல்வதெல்லாம் ஒரே எண்ணத்தில் ஊன்றியது: ஆபரேட்டரின் கவனம் நிகழ்ச்சிக்குச் சொந்தம். அதிலிருந்து உங்கள் திரை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடிக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும்.

1. வரையும் முன் பி.சி.ஆரில் உட்காருங்கள்

பி.சி.ஆர் என்பது நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரு நேரலை முழுவதையும் கிராஃபிக்ஸ் ஆபரேட்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பாருங்கள். வாக்கு எண்ணும் நாள் வாய்த்தால் மிக நல்லது. காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளை எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் மின்னணு இயந்திரங்கள் திறக்கும். அதன்பின் அந்த அறையில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஆபரேட்டரின் ஒரு காதில் டாக்பேக் வழியாக இயக்குநரின் குரல். மறு காதில் எண்களை வாசிக்கும் டெஸ்க். கண்கள் எதிரே உள்ள மானிட்டர் சுவரில். உங்கள் திரைக்குக் கிடைப்பது ஓரக்கண் பார்வை மட்டும். அந்த ஓரக்கண்ணுக்குத்தான் நீங்கள் வடிவமைக்கிறீர்கள்.

அவருடைய மானிட்டர் விளிம்பில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். ‘ப்ரேக் முடிந்ததும் லோகோ மறுபடி ஆன்’, ‘டிக்கர் நின்றால் எஃப்5 இரண்டு தடவை’ என்று எழுதியிருக்கும். மென்பொருள் நினைவில் வைத்திருக்க வேண்டியதை மனிதர் சுமக்கும் இடங்கள் அவை. உங்கள் முதல் வேலைப் பட்டியல் அங்கே தயாராக இருக்கிறது.

2. ஆன்ஏரில் இருப்பது எது என்பதில் திரை பொய் சொல்லக் கூடாது

காட்சிகளை மாற்றும் விஷன் மிக்ஸரில் ப்ரோக்ராம் வரிசையில் சிவப்பு எரிந்தால் அந்தக் காட்சி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ப்ரிவ்யூ வரிசையில் பச்சை எரிந்தால் அடுத்துப் போகக் காத்திருக்கிறது. பேனலில் உட்காருகிறவர்களுக்கு இது கண்ணில் ஊறிய பழக்கம். உங்கள் திரையிலும் சிவப்பை ஆன்ஏருக்கென்றே ஒதுக்கிவையுங்கள். நீக்கும் பொத்தானுக்கும் சிவப்பு, எச்சரிக்கைக்கும் சிவப்பு, புது அம்சத்துக்கும் சிவப்பு என்று இறைத்தால் ஆன்ஏர் அடையாளம் அதில் கரைந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் இந்த நாற்காலியில் உட்காருவார்கள். ஆகவே நிறம் சொல்வதை இடமும் எழுத்தும் சேர்ந்து சொல்லட்டும்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்த விளக்கு காட்டுவது கட்டளையையா, நிலைமையையா? 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடுவதற்கான மின்கட்டளை போய்விட்டதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடிவிட்டது என்றே அறையில் இருந்தவர்கள் நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது. நம் வேலையில் இதற்கு நேரான விதி: டேக் அழுத்தியதும் பொத்தானைச் சிவப்பாக்கிவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் என்ஜின் ‘வெளியே போய்விட்டது’ என்று பதில் தந்த பிறகே சிவப்பு வரட்டும். இடைப்பட்ட கணத்துக்கு வேறோர் அடையாளம் கொடுங்கள்.

3. ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்வியை நம்பாதீர்கள்

2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஹவாய் மக்களின் கைபேசிகளில் ஓர் அவசர எச்சரிக்கை வந்தது. ஏவுகணை வருகிறது, பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல. ஏவுகணை எதுவும் வரவில்லை. பணி மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையை நிஜம் என்று எடுத்துக்கொண்ட ஊழியர், மெனுவில் நிஜ எச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அனுப்பலாமா என்று மென்பொருள் கேட்கத்தான் செய்தது. அவரும் ‘ஆம்’ என்றார். நம்பிச் செய்கிறவர் எந்தக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார். அவசரத்தில் இருப்பவர் கேள்வியைப் படிக்காமலே சொல்வார்.

அந்தக் கேள்விப் பெட்டிக்குப் பதிலாக இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, ப்ரிவ்யூவையே உறுதிப்படுத்தும் படியாக ஆக்குங்கள். வெளியே போகப்போகும் கிராஃபிக்ஸ் அதே எழுத்து, அதே எண், அதே புகைப்படத்தோடு டேக்குக்கு முன்பே கண்ணில் படட்டும். ஏற்ற ஒரு விசை, அனுப்ப இன்னொரு விசை. இந்த இரண்டு படியும் வேலையின் இயல்பான தாளத்தில் வருவதால் யாரும் எரிச்சல்படமாட்டார்கள். இரண்டாவது, ஒத்திகையையும் நேரலையையும் ஒரே மெனுவில் அடுத்தடுத்த வரிகளாக வைக்காதீர்கள். வேறு நுழைவு, வேறு பின்னணி நிறம், திரையின் நான்கு ஓரத்திலும் பட்டை என்று, அறைக்குள் நுழைகிறவருக்கே தெரியும்படி பிரித்துவையுங்கள்.

4. திரும்பும் வழியை முதலில் கட்டுங்கள்

ஹவாயில் அந்த எச்சரிக்கை தவறு என்று கைபேசிகளுக்குச் செய்தி போனது 8.45க்கு. இடையில் 38 நிமிடங்கள். தவறென்று அலுவலகத்துக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ‘பொய் எச்சரிக்கை’ என்று அனுப்ப முன்கூட்டித் தயாரித்த வார்ப்பு எதுவும் மென்பொருளில் இல்லை. தப்பு நடந்த பிறகு உட்கார்ந்து வாசகம் எழுத வேண்டியிருந்தது.

நேரலையில் ‘அன்டூ’ கிடையாது. போனது போனதுதான். ஆகவே எடுக்கும் வழியையும் திருத்தும் வழியையும் எல்லாவற்றுக்கும் முன்பே வடிவமைத்துவிடுங்கள். நாடக மேடைகளில் ஒலிக்காகவும் வீடியோவுக்காகவும் பயன்படும் க்யூலேப் மென்பொருளில் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்தினால் ஓடுவதெல்லாம் மெல்லத் தணிந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் அந்தக் கணமே நிற்கும்.  உங்கள் ‘க்ளியர்’ விசையும் இப்படி எளிதாக இருக்கட்டும்: எந்தப் பக்கத்தில் இருந்தாலும், எந்த மெனு திறந்திருந்தாலும் அதே விசை, அதே பலன். கிராஃபிக்ஸை எடுத்தபின் திரை வெறுமையாகாமல், கடைசியாகச் சரியாக இருந்த நிலைக்குத் திரும்பும் விசை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

5. ஒரே பெட்டிக்கு இரண்டு அர்த்தம் கொடுக்காதீர்கள்

1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். விமானிகள் 3.3 டிகிரி சரிவில் இறங்க நினைத்து எண்ணைக் கொடுத்திருக்கலாம், கருவியோ நிமிடத்துக்கு 3,300 அடி என்ற வேகத்தில் இறக்கும் முறையில் இருந்திருக்கலாம் என்பது விசாரணையில் வலுவாகக் கருதப்பட்ட விளக்கம். ஒரே குமிழ், ஒரே சிறு காட்டி. முறை மாறினால் எண்ணின் பொருளே மாறிவிடும்.

நம் திரையில் இது எப்படி வரும்? ஒரே எண் பெட்டி, மேலே ஒரு தாவலை மாற்றினால் ‘பெற்ற வாக்குகள்’, இன்னொன்றை மாற்றினால் ‘முன்னிலை வித்தியாசம்’. வடிவமைப்பாளருக்கு இடம் மிச்சம். ஆபரேட்டருக்கு அது கண்ணி. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி, தனி இடம், பெட்டிக்குள்ளேயே பெயர். முறைகள் தவிர்க்க முடியாதவை என்றால், எந்த முறையில் இருக்கிறோம் என்பது கை வைக்கும் இடத்திலேயே தெரியட்டும். மேல் மூலையில் சின்ன எழுத்தில் எழுதுவது போதாது.

6. பெயரைத் தேடும் பெட்டியில் நிறைய நேரம் செலவிடுங்கள்

தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். தேடும் பெட்டியில் ‘திருவ’ என்று அடித்துப் பாருங்கள். திருவள்ளூர், திருவொற்றியூர், திருவண்ணாமலை, திருவெறும்பூர், திருவாரூர், திருவிடைமருதூர், திருவையாறு, திருவாடானை என்று வரிசைகட்டி நிற்கும். கணினிக்கு ‘வ’வும் ‘வா’வும் ‘வை’யும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. அவசரத்தில் இருப்பவர் முதல் வரியில் என்டர் தட்டிவிடுவார். திருவாரூர் நிலவரம் திருவள்ளூரில் ஏறிவிடும்.

இன்னும் நுணுக்கமான சிக்கலும் இருக்கிறது. திருப்பத்தூர் என்ற பெயரில் இரண்டு தொகுதிகள். ஒன்று திருப்பத்தூர் மாவட்டத்தில், எண் 50. மற்றொன்று சிவகங்கை மாவட்டத்தில், எண் 185. வெறும் பெயரைக் காட்டும் பட்டியல் இங்கே கைவிட்டுவிடும். ஆகவே எண்ணால் தேடுவதை முதல் வழியாக வையுங்கள். கும்மிடிப்பூண்டி 1 தொடங்கி கிள்ளியூர் 234 வரை தேர்தல் ஆணையம் கொடுத்த எண்கள் டெஸ்க்கின் தாளிலும் இருக்கும். ‘185’ என்று காதில் விழுந்தால் மூன்று விசையில் வேலை முடிந்தது. பெயருக்குப் பக்கத்தில் மாவட்டத்தையும் எப்போதும் காட்டுங்கள்.

பட்டியலின் அகலத்தைச் ‘சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி’யை வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். கும்பகோணத்தை வைத்து அளந்தால் நீளமான பெயர்கள் ‘திருவ…’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். கடைசியாக ஒன்று: புதுத் தகவல் வந்ததும் தானாக வரிசை மாறும் பட்டியலை ஆபரேட்டர் முன் வைக்கவே கூடாது. விரல் இறங்கும் நேரத்தில் அடியில் இருந்த வரி நகர்ந்துவிட்டால், அவர் என்னதான் செய்வார்?

7. எண்ணைத் தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள்

47,310 என்பதில் ஒரு பூஜ்யம் கூடினால் 4,73,100. காற்புள்ளி இல்லாமல் 473100 என்று காட்டினால் அதைக் கண் பிடிக்காது. லட்சக் கணக்கில் காற்புள்ளி வைத்துக் காட்டினால் உடனே உறுத்தும். முந்தைய சுற்றின் எண்ணைப் புது எண்ணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தொகுதியின் மொத்த வாக்காளர்களைவிட அதிகம் அல்லது முந்தைய சுற்றைவிடக் குறைவு என்றால் பெட்டியின் ஓரம் மஞ்சளாகட்டும்.

ஆனால் வழியை அடைக்காதீர்கள். எண்ணிக்கை மையத்திலேயே திருத்தம் நடந்து வாக்கு குறைவதும் உண்டு. அப்போது மென்பொருள் ‘ஏற்க முடியாது’ என்று நின்றால், சரியான தகவல் வெளியே போகாது. சந்தேகத்தைச் சொல்வது மென்பொருளின் வேலை. முடிவு பேனலில் இருப்பவருடையது.

8. முதலில் கேட்கப்படும் கேள்விக்கே பெரிய எழுத்து

2017 ஆஸ்கர் மேடையில் சிறந்த படத்துக்கான அறிவிப்பின்போது வாரன் பீட்டி, ஃபே டனவே கையில் தவறான உறை போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்தது சிறந்த நடிகைக்கான அட்டை. எம்மா ஸ்டோன் பெயரும் ‘லா லா லேண்ட்’ படப்பெயரும் பெரிதாக, எந்த விருது என்பது அடியில் பொடி எழுத்தில். படப்பெயர் வாசிக்கப்பட்டது, உண்மையில் வென்ற ‘மூன்லைட்’ படத்தின் குழுவினர் சற்றுப் பொறுத்துத்தான் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். விருதின் பெயர் மேலே பெரிதாக இருந்திருந்தால், உறை மாறியது அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

உங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் இதைச் சோதியுங்கள். ‘இது எதனுடையது?’ என்ற கேள்விக்குப் பதில் முதலில் கண்ணில் பட வேண்டும். மதிப்பு அதற்கு அடுத்துத்தான்.

9. விரலுக்கு இடம் விடுங்கள்

தொடு பொத்தானுக்குக் குறைந்தது 44 பாயின்ட் என்கிறது ஆப்பிள் வழிகாட்டி. அது நிதானமாக உட்கார்ந்திருப்பவரின் விரலுக்கு. நேரலையில் அதை இரட்டிப்பாக்குங்கள். அடிக்கடி அழுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில், அழுத்தினால் ஆபத்தான எதையும் வைக்காதீர்கள். படபடப்பில் விரல் இரண்டு முறை தட்டும். க்யூலேப்பில் ஒரு ‘கோ’ கட்டளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தபட்ச இடைவெளி வைக்கும் வசதி இருப்பது அதனால்தான். எல்லா வேலையும் கீபோர்டிலேயே முடியட்டும். பார்க்காமலே கை கண்டுபிடிப்பது விசையைத்தான். வழவழப்பான கண்ணாடியில் அந்தத் தடயம் கிடையாது.

10. உடனே பதில் சொல்லுங்கள்

நம் ஊர் ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லி நொடி. அந்தக் கணக்கில் வாழ்கிறவர்களுக்கு மென்பொருள் செய்கிறோம். விசையை அழுத்தி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் திரையில் ஏதாவது மாறினால், தான் செய்ததுதான் நடந்தது என்று மனம் ஏற்கும். தாமதமானால் சந்தேகம் வரும்; சந்தேகம் வந்தால் மறுபடி அழுத்துவார்; இரண்டாவது கட்டளையும் வெளியே போகும். புகைப்படங்கள், தொகுதிப் பெயர்கள், வேட்பாளர் பட்டியல் எல்லாவற்றையும் நிகழ்ச்சிக்கு முன்பே உள்ளூர்க் கணினியில் ஏற்றிவிடுங்கள். டேக் அழுத்திய பிறகு நெட்வொர்க்கில் எதையும் தேடப் போகாதீர்கள்.

11. உங்கள் திரை விழுந்தாலும் படம் விழக் கூடாது

ஸ்வீடன் நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்விடி உருவாக்கி, மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்ட காஸ்பர்சிஜி மென்பொருளைப் பாருங்கள். படத்தை வெளியே அனுப்பும் சர்வர் தனி. ஆபரேட்டர் பார்க்கும் க்ளையன்ட் தனி. க்ளையன்ட் உறைந்தாலும் ஆன்ஏரில் இருப்பது அப்படியே நிற்கும். நீங்களும் இப்படிப் பிரித்தே கட்டுங்கள். க்ளையன்டை மறுபடி திறக்கும்போது அது வெறுமையாகத் தொடங்கக் கூடாது. சர்வரிடம் கேட்டு, இப்போது வெளியே என்ன போகிறது என்பதைக் காட்டியபடி எழ வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி: ஒத்திகையின் நடுவே உங்கள் மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடுங்கள். ஆபரேட்டர் பழைய இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

12. மென்பொருளுக்கு அடக்கம் கற்றுக்கொடுங்கள்

த்ரீ மைல் ஐலண்டில் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. எல்லாம் கத்தினால் எதுவும் காதில் ஏறாது. ஆன்ஏருக்குப் பாதிப்பு இருந்தால் மட்டும் முன்னால் வந்து சொல்லுங்கள். மற்றவை ஓரத்தில் வரிசையாகக் காத்திருக்கட்டும். சொல்லும் வாக்கியத்தில் மூன்று விஷயம் வேண்டும்: என்ன நடந்தது, வெளியே போகும் படம் பாதிக்கப்பட்டதா, இப்போது என்ன செய்யலாம். அப்டேட் அறிவிப்பு, ஸ்க்ரீன் சேவர், கணினியின் உறக்கம் எல்லாவற்றையும் நேரலை முடியும்வரை நிறுத்திவையுங்கள்.

13. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் எதையும் தொடாதீர்கள்

கை பழகிய இடத்தில் பொத்தான் இருக்கிறதென்ற நம்பிக்கையில்தான் ஆபரேட்டர் கண்ணை மானிட்டர் சுவரில் வைக்கிறார். ‘சின்ன மாற்றம்தான், நன்றாக இருக்கிறது’ என்று நீங்கள் ஒரு பொத்தானை நகர்த்தினால், அந்த நம்பிக்கையை உடைக்கிறீர்கள். கடைசி ஒத்திகையில் இருந்த வடிவமே ஆன்ஏருக்குப் போகட்டும். எவ்வளவு நல்ல திருத்தமானாலும் அடுத்த நிகழ்ச்சிக்கு.

14. தப்பு நடந்தால் முதலில் திரையை விசாரியுங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடங்கி விமானம் வயிற்றில் அமரும் விபத்துகள் நடந்தன. விமானியின் தவறு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் விமானியின் அறைக்குள் பார்த்தார். இறக்கையின் ஃப்ளாப்பை இயக்கும் கட்டுப்பாடும் சக்கரத்தை இயக்கும் கட்டுப்பாடும் அச்சு அசலாக ஒன்றுபோல, பக்கம் பக்கமாக இருந்தன. சக்கரக் கட்டுப்பாட்டில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், ஃப்ளாப் கட்டுப்பாட்டில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கை தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. சக்கர லீவரின் குமிழ் சக்கர வடிவில் இருப்பது இன்றும் விமானங்களில் தொடர்கிறது.

தவறான ஆஸ்டன் (திரையின் அடியில் வரும் பெயர்ப்பட்டை) வெளியே போன அன்று எல்லோர் பார்வையும் ஆபரேட்டர் மேல் திரும்பும். அப்போது எழுந்து நின்று, ‘திரையையும் பார்ப்போம்’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். எந்த நொடியில் எந்த விசை அழுந்தியது, அப்போது திரை என்ன காட்டியது, என்ன வெளியே போனது என்பதை மென்பொருள் தானாகக் குறித்துக்கொண்டே இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் குறிப்பைச் சேர்ந்து படியுங்கள். கண்டுபிடித்ததை அடுத்த வெளியீட்டில் திருத்துங்கள். திருத்தியதை முதலில் அவரிடம் காட்டுங்கள். தன் பேச்சுக்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்த ஆபரேட்டர், நீங்கள் பார்க்காத ஓட்டைகளையும் வந்து சொல்வார். இந்தத் தொழிலில் உங்களை வளர்க்கப்போவது அந்த உறவுதான்.